அடுத்த நூல்: கங்கைகொண்ட சோழபுரம் முதல் குழுமூர் வரை

1

ஒரு வாசகர் வட்டம் என்னென்ன வாசித்தது என்று சொல்வது சுலபம். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் நூல்களின் தலைப்புகள் வரிசையாக இருக்கும். வாசித்த நூலுக்கும் அதற்கு அடுத்து வாசித்த நூலுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் எழுதப்படுவதில்லை. ‘சரி, அடுத்த மாசம் என்ன படிக்கலாம்?’ என்ற கேள்வி கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், டீ டம்ளர்கள் காலியான பின்பு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப்பேர் எழுந்துவிட்ட நேரத்தில் கேட்கப்படுகிறது. யாரோ ஒரு பெயரைச் சொல்கிறார். இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள். முடிந்தது. இரண்டு மணிநேரம் அதிகாரத்தைக் கட்டுடைத்த கூட்டம், தன்னிடமிருக்கும் ஒரே அதிகாரத்தை இரண்டு நிமிடத்தில் யோசிக்காமல் செலவழித்துவிட்டுக் கலைகிறது.

இக்கட்டுரை அந்த இரண்டு நிமிடத்தின் வரலாற்றைப் பற்றியது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே கூடுகிற ஒரு சிறிய வட்டத்தில் நானும் இருக்கிறேன். ஆகவே எங்கள் வட்டாரத்தை வைத்தே பேசுகிறேன். வட்டாரப் பெருமை பேசும் உத்தேசம் இல்லை. தமிழ் இலக்கிய வரலாற்றில் ‘அடுத்த நூல்’ பற்றிச் சொல்லப்படும் மிகப் புகழ்பெற்ற இரண்டு கதைகளும் இந்த மண்ணைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. ஒன்று சோழனின் அவையில் நடந்ததாகச் சொல்லப்படுவது. மற்றொன்று 1880இல் கும்பகோணத்தில் நடந்தது; ஆனால் அதன் முன்பாதி குன்னத்திலும் செங்கணத்திலும் நடந்து முடிந்திருந்தது. இரண்டு கதைகளிலும் நடுவில் இருக்கும் பிரதி ஒன்றேதான்: சீவக சிந்தாமணி. முதல் கதையில் அது கையிலிருந்து பிடுங்கப்படுகிறது. இரண்டாவது கதையில் கையில் கொடுக்கப்படுகிறது. பிடுங்கியது யார், கொடுத்தது யார் என்று கேட்பதற்கு முன்னால், இந்த எழுநூறு ஆண்டுகளாக அது யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2

முதல் கதை நமக்குத் தெரிந்ததுதான். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம் அதைச் சொல்கிறது. அநபாய சோழன் சமணக் காவியமான சிந்தாமணியில் மனம் தோய்ந்து கிடக்கிறான். அதை மெய்யென்றும் நம்புகிறான். அமைச்சராக இருந்த குன்றத்தூர்ச் சேக்கிழார், இது நெல்லை விட்டு உமியைக் குத்துகிற வேலை என்பதாகக் கண்டித்துச் சிவனடியார் வரலாற்றின் பக்கம் அரசனைத் திருப்புகிறார். அதன் விளைவாகப் பெரியபுராணம் உண்டாகிறது. தில்லையில் அரங்கேறுகிறது. யானைமேல் ஏறுகிறது. பின்னர் பன்னிரண்டாம் திருமுறையாகிறது.

அநபாயன் என்று குறிக்கப்படுபவன் இரண்டாம் குலோத்துங்கன் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி. அப்போது சோழர் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம், அதாவது இன்றைய அரியலூர் மாவட்டம். கதை நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஒரு சைவப் பிரதி இப்படியொரு கதையைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியம். அந்தக் கதைக்குள் ஒரு இலக்கணம் இயங்குகிறது. ஒரு நூலை வாசித்து முடித்தபின் அடுத்ததற்குப் போவது என்பது அங்கே கிடையாது. அடுத்த நூல் முந்தைய நூலைத் தண்டிப்பதற்காக வருகிறது. முந்தையதை வாசித்த இன்பமே குற்றமாக்கப்படுகிறது. தேர்வு என்ற சொல்லுக்கு விலக்கு என்றும் ஒரு பொருள் உண்டு என்பதைத் தமிழில் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன கதை வேறில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கதை அரசனோடு முடிந்துவிடுகிறது. அரசன் சிந்தாமணியை மூடி வைத்தான் என்றால் அந்த நாட்டில் எல்லோரும் மூடி வைத்துவிட்டார்களா? கதைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அவை எதை வாசிக்கிறதோ அதுவே உலகம் வாசிப்பது. அதிகாரத்தின் வாசகர் வட்டங்கள் எல்லாமே தங்களைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொள்கின்றன. அவை மட்டுமல்ல, எதிர்ப்பின் வாசகர் வட்டங்களும் பல நேரம் இப்படித்தான் நினைத்துக்கொள்கின்றன.

3

இனி 1860களுக்கு வருவோம். அப்போது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகள் (பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல், அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது). ஜமீன்களின் காலம் முழுதும் முடிந்துவிடவில்லை. உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் பாடியிருந்தார். அவரிடம் சங்கீதம் கற்ற வேங்கட சுப்பையர் அரியலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர். சங்கீதத்தோடு ராமாயணப் பிரசங்கமும் செய்து பிழைத்தவர். 1855இல் பிறந்த அவருடைய மூத்த மகன்தான் பின்னாளில் உ.வே. சாமிநாதையர்.

‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் 1942இல் இறந்தபோது முடிவுபெறாமல் நின்ற நூல். அதை ஒரு மகத்தான ஆளுமையின் வாழ்க்கை வரலாறாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். நான் அதன் முற்பகுதியை எங்கள் வட்டாரத்தின் வாசிப்பு வரைபடமாக வாசிக்கிறேன். அரியலூரில் சடகோபையங்கார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார். பெரம்பலூருக்குப் பக்கத்தில் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். காரையில் கிருஷ்ணசாமி ரெட்டியார். ஒருவரிடம் சிறு பிரபந்தங்கள், ஒருவரிடம் நன்னூல், ஒருவரிடம் யாப்பருங்கலக் காரிகை. ஒருவரிடம் இருக்கிற நூல் தீர்ந்துவிட்டால் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஆள் இருக்கிற ஊருக்குப் போகிறது. போன ஊரில் நெல்லும் வீடும் பணமும் அந்த ஊர்ப் பெரியதனக்காரர்கள் கொடுக்கிறார்கள். அப்பா ராமாயணம் சொல்கிறார், பையன் பாடம் கேட்கிறான்.

இங்கே ‘அடுத்த நூல்’ என்பதன் பொருள் அடுத்த ஊர். நூல் என்பது ஏட்டுக்கட்டு மட்டுமல்ல. அதைத் தெரிந்த ஆள். ஆள் இல்லாத ஊரில் ஏடு இருந்தாலும் அது விறகுதான். அச்சும் கடையும் தபாலும் நம்மை மறக்கவைத்துவிட்ட ஒரு உண்மை இது. ஒரு நூலுக்குப் போய்ச் சேர நடக்க வேண்டும், ஒருவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அவர் ‘வா’ என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சங்கிலியில் ஒரு பிராமணப் பையன் வைணவர்களிடமும் ரெட்டியார்களிடமும் பாடம் கேட்கிறான். சாதிகளுக்குக் குறுக்கே அறிவு நகர்ந்திருக்கிறது என்று இதை மட்டும் காட்டி மகிழ்ந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். மகிழலாம், தப்பில்லை. ஆனால் அந்தத் திண்ணைகள் எதிலும் சேரிப் பிள்ளை ஒருவன் ஏறி உட்கார்ந்திருக்க முடியாது. அந்த ஊர்களின் பெண் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். ‘அடுத்த ஊருக்குப் போ’ என்பது, முதல் ஊரின் திண்ணையில் இடம் கிடைத்தவனுக்கு மட்டும் பொருந்துகிற வழிமுறை.

அதே காலத்தில் அதே மண்ணை வேறொரு கூட்டமும் படித்துக்கொண்டிருந்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளைப் பற்றி நிலவியலாளர் பிளான்ஃபோர்டு எழுதியது 1862இல் வெளியானது. இங்கே கிடைத்த கடற் புதைபடிவங்களை ஸ்டொலிச்கா பல ஆண்டுகள் வரிசைப்படுத்தி விவரித்தார். செங்கணத்தில் காரிகை மனப்பாடமான அந்த வருஷங்களில், பக்கத்து ஓடைகளில் கிடந்த சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் கல்கத்தாவில் அச்சேறின. ஒரே நிலத்தில் இரண்டு வாசிப்புகள். ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லை. பின்னால் சிமெண்டு ஆலைகளைக் கொண்டுவந்தது அந்த இரண்டாவது வாசிப்பு படித்துக்காட்டிய சுண்ணாம்புக்கல்தான்.

4

செங்கணத்துக்குப் பிறகு அடுத்த ஊர் மாயூரம். அடுத்த ஆள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. திருவாவடுதுறை ஆதீன வித்துவான். புராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் எழுதிக் குவித்தவர். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் அவர் எழுதியதுதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர் 1876இல் இறந்தார். மாணவர் 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, புதிதாக மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் சாமிநாதையர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் பட்டியல் போடுகிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள். மணிக்கணக்கில் சொன்னாலும் தீராத பட்டியல். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற தோரணை. பிறகு சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் பற்றி விசாரிக்கிறார். படித்ததில்லை என்பதுதான் பதில். முதலியார் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. மீதியெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

தமிழ்ச் சமூகத்தில் ‘அடுத்து என்ன படிக்கலாம்’ என்ற கேள்விக்குக் கிடைத்த மிகப் பெரிய பதில் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாடப் புத்தகம் இந்த நிகழ்ச்சியை ‘மறைந்து கிடந்த நூலைக் கண்டெடுத்த கதை’யாகச் சொல்கிறது. மறைந்து கிடந்தது யாரிடமிருந்து?

1868லேயே பாதிரியார் பவர் சிந்தாமணியின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை உரையோடு அச்சிட்டிருந்தார். ஆக, நூல் அச்சுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. சிந்தாமணியில் வரும் சமணக் கருத்துகள் புரியாமல் திண்டாடியபோது சாமிநாதையர் கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீட்டுக்குப் போகிறார். வீட்டில் தோரணமும் விசேஷமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி வாசித்துப் பூர்த்தி செய்திருக்கிறோம், அதற்கான பூஜை என்கிறார்கள். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் ஆகியோர் அவருக்குச் சந்தேகம் தீர்த்தார்கள். இதை மறைக்காமல் எழுதிவைத்தவர் சாமிநாதையரே. அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தக் காட்சியை நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சைவ மடத்தின் பாடத்திட்டத்தில் இல்லாத நூல், அதே ஊரில் பக்கத்துத் தெருவில், ஒரு வாசகர் வட்டத்தால் தொடர்ந்து வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது கண்டெடுத்த நூல் இல்லை. வருஷா வருஷம் எடுத்து வாசிக்கிற வீட்டுப் புத்தகம். சோழனுடைய அவை அதை மூடிவைத்ததாகக் கதை சொன்ன எழுநூறு வருஷமும் அது மூடப்படவே இல்லை. வேறு வீட்டில் திறந்துதான் இருந்தது. சேக்கிழார் பிள்ளைத்தமிழ் எழுதியவரின் மாணவர் அதைக் கேள்விப்பட்டும் படிக்காமல் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சேக்கிழார் கதையின் இலக்கணம் அவர் படித்த பாடத்திட்டத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

இன்னொரு பிரிவினையையும் இங்கே செய்தாக வேண்டும். ஒரு நூல் நம்மிடம் வந்துசேர இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். நூலின் பெயரைச் சொல்பவர் ஒருவர். அந்த நூலோடு வாழ்ந்தவர் இன்னொருவர். முன்சீப் முதல் வகை. ஆங்கிலம் படித்த, பதவியிலிருந்த ஒருவர் ‘இதெல்லாம் என்ன பிரயோஜனம்’ என்று கேட்டால்தான் ஒரு வித்துவானின் பட்டியல் ஆட்டம் காண்கிறது. அதிலும் அதிகாரம் இருக்கிறது, காலனியக் கல்வியின் அதிகாரம். அப்பாசாமி நயினார் இரண்டாம் வகை. அவருக்குப் பதவியில்லை, பட்டியல் இல்லை, பொருள் தெரியும். இலக்கிய வரலாறு முதலாமவரை மேடையேற்றியது. இரண்டாமவரை அடிக்குறிப்பில் விட்டது. நம்முடைய வாசகர் வட்டங்களும் முன்சீப்புகளால்தான் நடத்தப்படுகின்றன. நயினார்களை அழைத்து உட்காரவைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

5

இந்த முறையை ஒரே நிகழ்ச்சியிலிருந்து உருவிவிட்டேன் என்று தோழர்கள் நினைக்கலாம். இன்னும் சில இடங்களில் வைத்துப் பார்க்கலாம்.

கொள்ளிடக் கரையில், அரியலூருக்குத் தெற்கே ஏலாக்குறிச்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தங்கி வேலை செய்த ஊர். உபதேசியார்களுக்கு என்ன படிக்கக் கொடுப்பது என்ற பிரச்சினை அவருக்கு இருந்தது. கையில் இருந்த நூல்கள் எதுவும் அவருடைய காரியத்துக்கு ஆகவில்லை. எனவே அடுத்த நூலை அவரே எழுதினார். ‘வேதியர் ஒழுக்கம்’ உபதேசியார்களுக்கானது. தேம்பாவணி 3615 பாடல்கள். சதுரகராதி 1732. தேர்வு செய்ய வேண்டிய இடத்தில் உற்பத்தி செய்வது என்ற வழி இது. பின்னால் வந்த இயக்கங்கள் பலவும் இதே வழியில்தான் போயின. 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ முதற்கொண்டு, வாரந்தோறும் இயக்கமே அடுத்த வாசிப்பை அச்சடித்து அனுப்பியது. படிப்பகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்தறியாதவனும் வாசகனான காலம் அது. அதன் ஜனநாயகம் பெரியது. ஆனால் அங்கே அடுத்து என்ன வரும் என்பது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் இல்லை.

அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதில் கொஞ்சம் வேறுபடுகிறது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்த முதல் இதழ் தொட்டு, 1914இல் அவர் இறக்கும்வரை நடந்தது. வாசகர்கள் கேள்விகளை அனுப்பினார்கள். கோலார் தங்கவயலிலிருந்தும் கடல்கடந்தும் கேள்விகள் வந்தன. கேள்விக்குப் பதிலாகப் பண்டிதர் மணிமேகலையையும் குறளையும் பழைய ஏடுகளையும் எடுத்து விரித்தார். அடுத்து எந்த நூலைத் திறப்பது என்பதை வாசகர் கேட்ட கேள்வி தீர்மானித்தது. மணிமேகலை ஒரு தலித் வாசகர் வட்டத்தின் கைநூலாக, பௌத்த நூலாக, போராட்ட ஆவணமாகப் புழங்கியது. அதே மணிமேகலை கல்லூரி வகுப்பில் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக மதிப்பெண்ணுக்குப் படிக்கப்பட்டது. ஒரே பிரதி, இரண்டு தெரு.

பிறகு என்ன நடந்தது? பல பத்தாண்டுகள் இடதுசாரி வட்டங்களிலும் இலக்கிய வட்டங்களிலும் அயோத்திதாசர் ‘கிடைக்காத’ எழுத்தாளராக இருந்தார். 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகள் வந்தபோது ‘கண்டெடுக்கப்பட்டார்’. ஆனால் பழைய தமிழன் இதழ்களைக் கட்டிப் பாதுகாத்து வைத்திருந்தவர்கள் தமிழ்ப் பௌத்தக் குடும்பங்கள். அவர்கள் வீட்டில் அவர் ஒருநாளும் தொலையவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீட்டுக் கதை இங்கே அப்படியே திரும்ப நடக்கிறது. தொலைந்தது நூல் அல்ல, நமக்கும் அந்தத் தெருவுக்கும் இடையேயிருந்த பாதை.

அரசு வந்தபிறகு கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. 1931இல் இரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூலும் ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகரும் உண்டு என்பது அவற்றின் சாரம். அதே வருஷம் அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. புத்தகம் தெருவுக்கு நடந்து வந்தது, ‘அடுத்த ஊருக்குப் போ’ என்பது தலைகீழானது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது; சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி. படிக்கிறவனும் படிக்காதவனும் கட்டுகிற காசில் புத்தகம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் எந்தப் புத்தகம் வாங்குவது என்பது மேலே முடிவாகும். நூலக ஆணையாகக் கீழே இறங்கும். நூலக ஆணைக்காகவே புத்தகம் போடும் பதிப்புத் தொழிலும் வளர்ந்தது. வரி கட்டும் ஊர், தன் அலமாரியில் அடுத்து என்ன வர வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பைப் பெறவில்லை. இரங்கநாதனின் விதிகளில் வாசகருக்கு ஏற்ற நூல் உண்டு. அது எது என்று சொல்லும் வாய் வாசகருக்கு உண்டா என்பதுதான் விடுபட்ட கேள்வி.

6

இப்போது குழுமூர். அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள் அனிதா. 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கினார். அரசு சொன்ன புத்தகத்தை, அரசு சொன்ன வரிசையில், ஒரு வரி விடாமல் படித்து முடித்தவர் என்று அதற்கு அர்த்தம். அந்த ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் நீட் தேர்வு வந்தது. அதில் 720க்கு 86. கேட்கப்பட்ட கேள்விகள் வேறொரு புத்தகத்தை ஒட்டியவை. அதைப் படிப்பித்த ஆட்கள் வேறு ஊர்களில், பணம் கட்டிச் சேர்கிற பயிற்சி மையங்களில் இருந்தார்கள். அனிதா உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆகஸ்ட் இறுதியில் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று முடிவானது. செப்டம்பர் 1ஆம் தேதி அவர் இறந்தார்.

இதை நான் வாசிப்பின் வரலாற்றுக்குள் வைப்பது சிலருக்கு உறுத்தலாம். சாவை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘அடுத்த நூலை யார் முடிவு செய்வது’ என்பது டீக்கடைப் பேச்சு அல்ல என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் இதைவிடக் கடுமையான சாட்சியம் இல்லை. சேக்கிழார் கதையின் இலக்கணத்தை மறுபடி பாருங்கள்: அடுத்த நூல் முந்தைய நூலைத் தண்டிக்க வருகிறது. பன்னிரண்டு வருஷம் படித்ததெல்லாம் உமி என்று ஒரே ஒரு உத்தரவில் சொல்லிவிட முடிகிறது. அரியலூர், செங்கணம், மாயூரம் என்று 1860களில் ஒரு பையனுக்குத் திறந்த ஊர்களின் வரிசை, அப்போது திண்ணை ஏற முடியாதவர்களின் பேத்திகளுக்கு இப்போது கட்டணம் செலுத்தினால் திறக்கும் வரிசையாக இருக்கிறது. தமிழ்நாட்டின் பாடநூல்கள் 2018இல் மாற்றி எழுதப்படத் தொடங்கின. அவருக்குப் பின்னால்.

குழுமூரில் அனிதாவின் பெயரில் ஒரு நூலகம் எழுப்பப்பட்டிருக்கிறது. அந்த அலமாரியில் அடுத்த புத்தகத்தை வைக்கப்போவது யார் என்பது திறந்த கேள்வி.

7

எங்கள் வட்டத்துக்கு வருகிறேன். பதினான்கு பேர். ஆசிரியர்கள் ஐந்து பேர், வங்கி ஊழியர் ஒருவர், சிமெண்டு ஆலையில் ஒப்பந்த வேலை செய்பவர்கள் மூவர், சின்ன வெங்காயம் போடுகிற விவசாயிகள் இருவர், மற்றவர்கள் மாணவர்கள். ஒவ்வொரு மாதமும் தேர்வில் மூன்று கட்சிகள். ஒரு கட்சிக்குச் செவ்விலக்கியம். ஒரு கட்சிக்கு மொழிபெயர்ப்பில் வரும் உலக நாவல். ஒரு கட்சிக்குத் தத்துவமும் அரசியலும். கையைத் தூக்கி எண்ணுவோம். ஆசிரியர்கள் சொன்னதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். ஒருமுறை ஆலைத் தோழர் ஒருவர் இப்படிச் சொன்னார்: “நீங்கள்லாம் எப்பவோ படிச்சு முடிச்ச புத்தகத்தத்தான் எங்களுக்கு அடுத்த புத்தகம்ங்கறீங்க சார். நாங்க எதப் படிச்சு முடிச்சோம்னு யாரும் கேட்டதில்ல.”

இதைவிடத் துல்லியமாக நம் பிரச்சினையை நான் எந்தக் கோட்பாட்டு நூலிலும் வாசித்ததில்லை. வாக்கெடுப்பு ஜனநாயகம்தான், ஆனால் வாக்குச் சீட்டில் பெயர்களை அச்சடிப்பவர் யார்? அறைக்குள் இருப்பவர்கள் அறிந்த நூல்களுக்குள்தான் வாக்கு விழும். சாமிநாதையரையும் அவருடைய சகமாணவர்களையும் 1879இல் உட்காரவைத்து வாக்கெடுத்திருந்தால் இன்னொரு அந்தாதிதான் ஜெயித்திருக்கும்.

எனவே ஒரு முறையை முன்வைத்திருக்கிறேன். வட்டத்தில் அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது அடுத்த நூலை நாம் தேர்வதில்லை. வட்டத்தில் இல்லாத ஒருவரிடம் போய்க் கேட்கிறோம். நூலின் பெயரைக் கேட்பதல்ல அது. அவர் எந்த நூலோடு வாழ்கிறார் என்று கேட்பது. ஏலாக்குறிச்சியில் தேம்பாவணியைத் தெரிந்த ஒரு வயசாளி இருக்கலாம். மாரியம்மன் தாலாட்டுச் சிறு பிரசுரத்தை வரி பிசகாமல் சொல்லும் அம்மா ஒருவர் இருக்கலாம். அம்பேத்கர் தொகுதிகளை வரிக்கு வரி கோடு போட்டு வைத்திருக்கும் சேரி இளைஞர் நிச்சயம் இருப்பார். சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கிற தொழிற்சங்கக்காரர் எங்கள் கூட்டத்துக்கு அரைமணி நேர நடையில் இருக்கிறார். நூலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அவர் வீட்டில், அவர் தெருவில், அவர் உரக்கப் படிக்க நாம் கேட்க வேண்டும். சந்தேகத்தை அவரிடம் கேட்க வேண்டும். பேராசிரியரும் அங்கே மாணவர்தான்.

எதிர்வாதங்கள் வந்திருக்கின்றன. தரம் என்ன ஆவது என்று ஒரு தோழர் கேட்டார். தரம் அறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது என்று நினைப்பவர்கள் சிந்தாமணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மறுபடி படித்துப் பார்க்கலாம். இப்படிப் போனால் பிற்போக்கான புத்தகம் ஒன்று கையில் வந்துவிடாதா என்று இன்னொருவர் கேட்டார். வரலாம். வந்தால் அதையும் அதை நேசிப்பவர் முன்னிலையிலேயே விமர்சிப்போம். ஆள் இல்லாத அறையில் ஒரு நூலைக் கிழிப்பது சுலபம். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மறுப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குப் பெயர்தான் விமர்சனம். சமணக் கொள்கையை ஏற்காமலேயே சாமிநாதையர் அதைக் கற்றுக்கொண்டார். சமணர்களும் அவர் மதம் மாற வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. நீட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி சொன்னது: “என்னோட அடுத்த புத்தகம் ஏற்கெனவே முடிவாயிருச்சு. உங்க கூட்டத்துக்கு வர்ற ரெண்டு மணி நேரம் எனக்கு நாப்பது கேள்வி.” அவருக்குச் சொல்ல என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. ஒன்றுதான் செய்ய முடிந்தது. உயிரியல் ஆசிரியர் ஒருவர் அந்தப் புத்தகத்தையே வட்டத்தில் எடுத்து நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அது எங்கள் விருப்பமான நூல் அல்ல. எங்கள் எதிரி நூல் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் அடுத்த நூல் அதுதான்.